எஃப்1 சிம் ரேசிங்: யார்னோ ஓப்மேரின் மூன்று பட்டங்களுக்கு என்ன எடை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2020 லாக்டவுன் நேரத்தில் நிஜ எஃப்1 ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல் தொடர்ந்து நான்கு விர்ச்சுவல் கிராண்ட் பிரி ஜெயித்தார். ஆனால் எஃப்1 வீடியோ கேம் உலக சாம்பியன் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அப்படியானால் அதிக சாதனை யாருடையது? எல்லோருக்கும் ஒரே வேகமுள்ள கார் என்கிறார்கள். அப்படிப்பட்ட போட்டியின் புள்ளிவிவரத்துக்கு என்ன மதிப்பு?"

சிம் ரேசிங் என்பது ஸ்டியரிங் வீலும் பெடலும் வைத்து வீடியோ கேமில் ஓட்டும் கார் பந்தயம்; இங்கே பேசுவது ஃபார்முலா 1 (எஃப்1) பந்தயத்தின் கேம் வடிவத்தை. முதலில் நேரடிப் பதில். அதிகப் பட்டம் வென்றவர் நெதர்லாந்தின் யார்னோ ஓப்மேர். 2020, 2021, 2025 என மூன்று முறை சாம்பியன். அடுத்து 2017, 2018 இரண்டிலும் வென்ற இங்கிலாந்தின் பிரெண்டன் லீ. ஒரு முறை வென்றவர்கள் மூன்று பேர்: 2019இல் இத்தாலியின் டேவிட் டோனிட்சா, 2022இல் ஸ்காட்லாந்தின் லூகாஸ் பிளேக்லி, 2023–24 சீசனில் டென்மார்க்கின் ஃபிரெடரிக் ராஸ்முசென். 2025 வரை எட்டு சீசன், ஐந்து சாம்பியன்கள், ஐவருமே ஐரோப்பியர்கள். எஃப்1 ஈஸ்போர்ட்ஸ் சீரிஸ் என்ற பெயரில் தொடங்கி, இப்போது எஃப்1 சிம் ரேசிங் உலக சாம்பியன்ஷிப் என்று நடப்பது இந்தத் தொடர்தான். பெயர் மாறியதால் இரண்டும் வேறு வேறு போட்டி என்று நினைத்துப் பட்டங்களைப் பிரித்து எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி எண்ணக் கூடாது.

ரஸ்ஸல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2020 மார்ச்சில் நிஜ எஃப்1 சீசன் நின்றுபோனது. ரத்தான, தள்ளிப்போன ரேஸ்களுக்குப் பதிலாக எஃப்1 நிர்வாகமே கேமில் ஓட்டும் எட்டு விர்ச்சுவல் கிராண்ட் பிரி நடத்தியது. பஹ்ரைனில் ஜோ குவான்யூ ஜெயித்தார். ஆஸ்திரேலியாவும் சீனாவும் சார்ல் லெக்லெர்க்குக்குப் போயின, பிரேசில் அலெக்ஸ் ஆல்பனுக்கு. அதன்பின் ஸ்பெயின், மொனாக்கோ, அஜர்பைஜான், கனடா நான்கையும் ரஸ்ஸல் எடுத்துக்கொண்டார். அற்புதமான ஓட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது காட்சிப் போட்டி. கார்களின் வேகம் சமம், செட்டப் (இறக்கைக் கோணம், சஸ்பென்ஷன் போன்ற கார் அமைப்பு) எல்லோருக்கும் ஒன்றே, சேதம் குறைக்கப்பட்டிருந்தது. கேமுக்குப் புதியவர்கள் வேண்டுமானால் சக்கரம் பூட்டாமலும் வழுக்காமலும் காக்கும் ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் உதவிகளைப் போட்டுக்கொள்ளலாம். கால்பந்து கோல்கீப்பர் திபோ கோர்ட்டுவாவும் கோல்ஃப் வீரர் இயன் பூல்ட்டரும் அந்தத் தொடரில் ஓட்டினார்கள். அந்த வெற்றிகளைச் சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்ப்பது, நட்சத்திரக் கிரிக்கெட் ஆட்டத்தில் அடித்த சதத்தை டெஸ்ட் ரன்களோடு கூட்டுவது மாதிரி. ரஸ்ஸலின் நான்கு வெற்றிகளுக்கு உரிய மரியாதை உண்டு. அது வேறு பக்கத்தில் எழுதப்பட வேண்டியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லோருக்கும் ஒரே கார் என்றால் புள்ளிவிவரத்துக்கு என்ன மதிப்பு? நான் சொல்வேன், நிஜ எஃப்1 புள்ளிவிவரத்தைவிட இங்கே மதிப்பு அதிகம். நிஜத்தில் 2023இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 22 ரேஸில் 19ஐ ஜெயித்தார். அதில் எவ்வளவு ஓட்டுநருடையது, எவ்வளவு காருடையது என்று இன்றுவரை யாராலும் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிம் ரேசிங்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஃபெராரி நிறத்தில் இருந்தாலும் ஹாஸ் நிறத்தில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கார்தான். அதனால் வெர்ஸ்டாப்பனின் 2023 போன்ற ஒரு சீசன் இங்கே வந்ததே இல்லை, வருவதும் கடினம். இந்தத் தொடரில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்றால், அதற்குப் பின்னால் "நல்ல கார் கிடைத்தது" என்ற விளக்கம் கிடையாது.

வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால்தான் இது புரியும். தகுதிச் சுற்றில் முதல் ஆளுக்கும் இருபதாவது ஆளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு வினாடிகூட இருக்காது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங் வீலை இறுக்கி மாட்டி, கேமில் இத்தாலியின் மொன்ஸா தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நீண்ட நேர்ச்சாலையில் 330 கிலோமீட்டருக்கு மேல் வருகிறீர்கள். நூறு மீட்டர் பலகை கண்ணில் படும் நேரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பிறகு கார் மெதுவாக மெதுவாக, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சட்டென விட்டால் முன்பக்கம் பிடிப்பு இழக்கும். நீட்டித்துப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேரே போய்விடும். வளைவின் உள்ளே மஞ்சள் கர்ப் (தடத்தின் ஓரத் திட்டு) மேல் எத்தனை அங்குலம் ஏறலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. கடைசி வளைவான பரபோலிக்காவில் வெள்ளைக் கோட்டை நான்கு சக்கரமும் தாண்டினால், அந்தச் சுற்று மட்டுமில்லாமல் அடுத்த சுற்றும் ரத்தாகும். கேம் தானாகவே அடித்துவிடும், வாதாட ஆள் கிடையாது. ஒரு மாலை முழுக்க ஓட்டியும் ஒரே வளைவை இரண்டு முறை ஒரே மாதிரி என்னால் எடுக்க முடியவில்லை. ஓப்மேரும் ராஸ்முசெனும் அதை ஐம்பது முறை எடுத்தால் ஐம்பதும் ஒன்றுபோல இருக்கும், பக்கத்தில் இன்னொரு கார் உரசிக்கொண்டு வரும்போதும்.

அதனால் இந்தத் தொடரின் புள்ளிவிவரத்தில் நான் முதலில் பார்ப்பது வெற்றி எண்ணிக்கையை அல்ல. எத்தனை ரேஸில் புள்ளி இல்லாமல் முடித்தார் என்பதைத்தான். கணக்கு எளிது. நிஜ எஃப்1 போலவே முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18. உங்கள் எதிராளி ஜெயித்த ரேஸில் நீங்கள் முதல் வளைவிலேயே மோதி வெளியே போனால் 25 புள்ளி பின்தங்குகிறீர்கள். அதை மீட்க நீங்கள் முதலிடமும் அவர் இரண்டாமிடமும் என நான்கு ரேஸ் முடிய வேண்டும், ஏனென்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது 7தான். மூன்று முறை செய்தாலும் 21தான் ஆகும். 12 ரேஸ் கொண்ட சீசனில் நான்கு என்பது மூன்றில் ஒரு பங்கு. இருபது பேரும் சம வேகத்தில் இருக்கும் களத்தில், டிஆர்எஸ் (முன்னால் போகும் காரை நெருங்கினால் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் வசதி) திறந்தபடி பத்துக் கார் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி ஓடும் களத்தில், விபத்தில் மாட்டாமல் தப்பிப்பதே தனித் திறமை. அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒரே ஆள் வருடா வருடம் தப்பித்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை.

இங்கே ஓப்மேரின் சாதனைக்குத் திரும்ப வேண்டும். மூன்று பட்டம் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மூன்றையும் மூன்று வெவ்வேறு அணிக்காக வென்றார் என்பது. 2020இல் ஆல்ஃபா ரோமியோ, 2021இல் மெர்சிடிஸ், 2025இல் ரெட் புல். நிஜ எஃப்1 வரலாற்றில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அணிகளோடு உலகப் பட்டம் வென்றவர் ஒரே ஒருவர், 1950களின் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ. ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மசெராட்டி என நான்கு. ஷூமாக்கர், ஹாமில்டன், ப்ரோஸ்ட் எல்லோரும் இரண்டு அணியோடு நின்றுவிட்டார்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். ஃபாஞ்சியோ அணி மாறியபோது கார் மாறியது. ஓப்மேர் அணி மாறியபோது கார் மாறவில்லை, நிறம்தான் மாறியது. அப்படியானால் அணிக்கு இங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் இறக்கையின் கோணம், சஸ்பென்ஷன், டயர் அழுத்தம் என்று செட்டப் தேடுவது மணிக்கணக்கான உழைப்பு. அதைப் பகிர்ந்து செய்ய அணி வீரர்கள் வேண்டும். ரேஸ் நடக்கும்போது எப்போது டயர் மாற்றுவது, யாருக்கு முன்னால் வெளியே வருவது என்று காதில் சொல்ல ஒருவர் வேண்டும். அணி மாறினால் இந்த ஆட்கள் மாறுவார்கள், பழக்கம் மாறும். அதையும் தாண்டி வென்றார் என்பதுதான் மூன்று அணிக் கணக்கின் அர்த்தம். ஓப்மேர் எஃப்1க்குக் கீழ்மட்டத் தொடரான ஃபார்முலா 4இன் நிஜக் கார்களிலும் ஓட்டியவர், அந்தப் பின்னணி உதவியிருக்கும். ஆனால் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. முதல் சாம்பியன் பிரெண்டன் லீ சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 18 வயதுப் பையன்.

லீயின் இரண்டு பட்டங்களைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். 2017 போட்டி அடியோடு வேறு அமைப்பு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கிலுமிருந்து நேர ஓட்டத்தில் முயன்றார்கள். நாற்பது பேர் லண்டனில் அரையிறுதிக்கு வந்தார்கள், அதிலிருந்து இருபது பேர் நவம்பரில் அபுதாபிக்குப் போனார்கள். இறுதியில் மூன்றே ரேஸ். அணிகள் கிடையாது. 2018இல்தான் எஃப்1 அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அந்த வருடம் பத்து அணிகளில் ஒன்பதுதான் சேர்ந்தன, ஃபெராரி வரவில்லை. ரேஸ்கள் பத்து. 2019 முதல் பன்னிரண்டு. என் நோட்டில் 2017ஐத் தனிக் கோட்டுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன். பட்டம் பட்டம்தான், குறைக்கவில்லை. ஆனால் "ஒரு சீசனில் அதிக வெற்றி", "வெற்றி விகிதம்" போன்ற கணக்குகளில் மூன்று ரேஸ் தொடரையும் பன்னிரண்டு ரேஸ் தொடரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லீ 2018இல் மெர்சிடிஸுக்காக மறுபடி வென்றதுதான், 2017 ஏதோ ஒரு நாள் மாயம் இல்லை என்று நிரூபித்தது. பரிசுத் தொகையும் இந்த வளர்ச்சியோடு ஏறியது: 2018இல் 2 லட்சம் டாலர், 2019இல் 5 லட்சம், 2020இல் 7.5 லட்சம்.

அணிப் பட்டங்களில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. 2018இல் மெர்சிடிஸ், 2021இல் மெர்சிடிஸ், 2022இல் மெக்லாரன் — இந்த மூன்றிலும் தனிநபர் சாம்பியனும் அதே அணிதான். ஆனால் 2019இல் தனிநபர் பட்டம் ஃபெராரியின் டோனிட்சாவுக்கு, அணிப் பட்டம் ரெட் புல்லுக்கு. 2020இலும் அப்படியே: ஆல்ஃபா ரோமியோவின் ஓப்மேர் சாம்பியன், அணிப் பட்டம் மறுபடி ரெட் புல். ஒரே மேதையை வைத்திருந்தால் தனிநபர் பட்டம் வரும். இரண்டாவது இருக்கையிலும் முதல் ஐந்துக்குள் வருகிற ஆள் இருந்தால்தான் அணிப் பட்டம் வரும். 2020இல் ரெட் புல்லுக்கு ராஸ்முசெனும் மார்செல் கீஃபரும் இருந்தார்கள். டோனிட்சா 2019இல் இறங்கியபோது அவருக்கு வயது 17, அதுவே அவரது முதல் சீசன், ஃபெராரிக்கும் முதல் சீசன். முதல் வருடத்திலேயே பட்டம் என்பது, அணிகள் வந்த பிறகு நடந்த சீசன்களில் மிகப் பெரிய ஒற்றைச் சாதனை என்று நான் நினைக்கிறேன்.

"மொன்ஸாவில் சாதனைச் சுற்று யாருடையது?" என்று சிலர் தேடுவார்கள். அந்தத் தேடலில் நேரம் செலவிட வேண்டாம். கேம் நிறுவனமான கோட்மாஸ்டர்ஸ் ஒவ்வொரு வருடமும் புது கேம் வெளியிட்டுவந்தது: எஃப்1 2017இல் தொடங்கி எஃப்1 25 வரை. ஒவ்வொன்றிலும் டயரின் பிடிப்பு வேறு, காரின் எடை உணர்வு வேறு, கர்ப் மேல் ஏறினால் நடப்பது வேறு. ஒரே கேமுக்குள்ளேயே நடுவில் வரும் அப்டேட் ஒன்று சுற்று நேரத்தை மாற்றிவிடும். போன வருடச் சுற்று நேரத்தை இந்த வருடத்தோடு ஒப்பிடுவது, மண் தரையில் ஓடியதையும் செயற்கைத் தடத்தில் ஓடியதையும் ஒப்பிடுவது போல. வருடம் தாண்டி ஒப்பிடத் தகுந்தவை இடங்களும் புள்ளிகளும் பட்டங்களும் மட்டுமே.

மென்பொருள் முடிவையே மாற்றிய சம்பவமும் உண்டு. அது இந்தத் தொடரில் இல்லை, மின்சாரக் கார் பந்தயத் தொடரான ஃபார்முலா ஈ நடத்திய சிம் ரேசிங் போட்டியில். 2017 ஜனவரியில் லாஸ் வேகஸில் மொத்தம் 10 லட்சம் டாலர் பரிசுக்கு ஒரு ரேஸ் வைத்தார்கள். முதலில் கோட்டைத் தாண்டியவர் பின்லாந்தின் ஓலி பஹ்கலா. ஆனால் ரசிகர் வாக்கால் கிடைக்கும் கூடுதல் சக்தி, மென்பொருள் கோளாறால் அவருக்கு இருக்க வேண்டியதைவிட அதிக நேரம் வேலை செய்திருந்தது. பின்னர் 12 வினாடி தண்டனை. மூன்றாமிடத்துக்கு இறங்கினார். நெதர்லாந்தின் போனோ ஹௌஸ் வெற்றியாளர், முதல் பரிசு மட்டும் 2 லட்சம் டாலர். பஹ்கலா ஏமாற்றவில்லை, கோளாறும் அவர் செய்ததில்லை. தண்டனை நியாயமானது, அவருடைய வருத்தமும் நியாயமானது. அந்த முடிவை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும். வெறும் "முதலிடம்: ஹௌஸ்" என்ற வரி இருவருக்குமே நியாயம் செய்யாது.

சிம் ரேசிங்கில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வெல்வது எவ்வளவு அரிது என்று பார்க்க, கிரான் டூரிஸ்மோ என்ற இன்னொரு கார் பந்தய கேமின் உலகப் போட்டியான நேஷன்ஸ் கப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் பிரேசிலின் இகோர் ஃபிராகா, 2019இல் ஜெர்மனியின் மிகாயில் ஹிசால், 2020இல் ஜப்பானின் டகுமா மியாசோனோ, 2021இல் இத்தாலியின் வலேரியோ காலோ, 2022இல் ஸ்பெயினின் கோக்கே லோபெஸ். ஐந்து வருடம், ஐந்து பேர். அதே ஐந்து எஃப்1 சீசன்களில் லீ, டோனிட்சா, ஓப்மேர், ஓப்மேர், பிளேக்லி. கிரான் டூரிஸ்மோ வீரர்கள் குறைந்தவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே பட்டம் இறுதிச் சுற்றில் சில ரேஸ்களில் முடிவாகிறது, ஒரு தவறுக்கு மன்னிப்பு கிடையாது. எஃப்1இல் பன்னிரண்டு ரேஸ் இருப்பதால் சிறந்தவர் மேலே மிதந்து வர நேரம் இருக்கிறது. குறுகிய இறுதிப் போட்டியில் சாம்பியன்கள் மாறிக்கொண்டே இருப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த அமைப்பிலும் மியாசோனோ 2020இல் நேஷன்ஸ் கப், கார் நிறுவனங்களின் பெயரில் ஓட்டும் மேனுஃபாக்சரர் சீரிஸ், டொயோட்டாவின் சூப்ரா கோப்பை மூன்றையும் ஒரே வருடத்தில் எடுத்தார். ஓப்மேரின் மூன்று பட்டத்துக்கு இணையாக நான் வைக்கும் சாதனை சிம் ரேசிங்கில் இது ஒன்றுதான்.

பட்டப் பட்டியல் மறைத்துவிடும் ஒருவர் இருக்கிறார்: ராஸ்முசென். 2018இலிருந்து ஓட்டுகிறார். 2019இல் டோனிட்சாவுக்குப் பின்னால் இரண்டாமிடம், 2020இல் ஓப்மேருக்குப் பின்னால் இரண்டாமிடம். அணிப் பட்டங்களை ரெட் புல்லுக்கு வாங்கித் தந்தவர்களில் ஒருவர், ஆனால் தனிநபர் கட்டம் காலியாகவே இருந்தது. லண்டனில் மாலை ரேஸ் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் விழித்திருந்து அவர் பெயரை இரண்டாவது வரியில் எழுதிய வருடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2024 மே மாதம் அந்த சீசன் முடிந்தபோது அவர் பெயரை முதல் வரியில் எழுதினேன். "ஒரு பட்டம்" என்று மட்டும் படிக்கிறவருக்கு அவரும் டோனிட்சாவும் பிளேக்லியும் சமம். இரண்டாமிடங்களையும் சேர்த்துப் படித்தால் இந்தத் தொடரின் இரண்டாவது பெரிய பெயர் ராஸ்முசென் என்றே நான் சொல்வேன். லீயின் இரண்டு பட்டத்தையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஓப்மேரின் சாதனை உடையுமா என்றும் யாராவது கேட்பீர்கள். லீ 2018க்குப் பிறகு வெல்லவில்லை. அவருக்குச் சமன் செய்ய ஒன்று வேண்டும், தாண்ட இரண்டு. ராஸ்முசெனுக்கும் பிளேக்லிக்கும் டோனிட்சாவுக்கும் சமன் செய்யவே இரண்டு, தாண்ட மூன்று. இதற்கிடையில் ஓப்மேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 2021க்கும் 2025க்கும் நடுவே அவர் இரண்டு சீசன் பட்டமில்லாமல் இருந்தார், எல்லோரும் அவர் காலம் முடிந்தது என்றார்கள். மூன்றாவது வந்தது அதற்குப் பிறகுதான்.